காரீயக் கோடு

இலங்கைக் காரீயம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறியது. போகலையிலும் கஹட்டகஹவிலும் அகழப்படும் நரம்புக் காரீயம் உலகில் அரிதானது, தூய்மை மிக்கது. அதன் பெரும்பகுதி இன்றும் ஏற்றுமதியாகின்றது.

காரீயத்தின் ஓரணுத் தடிப்புள்ள படலமே கிராபீன். 2004இல் மன்செஸ்ரரில் கைமும் நொவொசெலொவும் அதனை ஒட்டுநாடாவினாற் பிரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசு பெற்றனர். ஒட்டுநாடா! ஆய்வுகூடம் காணாத பாடசாலைகளுக்கு இது ஆறுதலான செய்தியே. கிராபீன் துணிக்கைகளைத் திரவத்திற் கலந்து மையாக்கித் துணியிலும் மெல்லிய பிளாஸ்ரிக்கிலும் அச்சிடுகின்றனர். மை உலர்ந்ததும் துணிக்கைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னுக்கு வழி உண்டாகின்றது. வளைத்தாலும் அவ்வழி எளிதில் அறாது. வெள்ளி மை இதனினும் நன்கு கடத்தும், விலைதான் அதிகம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னிக்குப் பற்றரி வரவில்லை. துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுள் கனகராயன்குளத்துத் தந்தையொருவரும் இருந்தார். விடுமுறைக்கு வந்த அவருடைய மகள், தாளிற் பென்சிலால் தடித்த கோடுகள் வரைந்து, 9 வோல்ற்றுப் பற்றரியையும் சிறிய எல்.ஈ.டி. விளக்கையும் அவற்றோடு பொருத்தினாள். விளக்கு மங்கலாக ஒளிர்ந்தது.

“கோட்டுக்குள்ள கம்பி இருக்கோ, பிள்ளை?”

“இல்லையப்பா, காரீயம்தான்.” மையின் கதையையும் சொன்னாள்.

அவர் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார்.

“அப்ப, எங்கட காரீயத்தை வித்துப்போட்டு, மையாய்த் திருப்பி வாங்கப்போறமோ?”

தடைக்காலத்தைக் கண்டவரின் கேள்வி அது. மகளால் உடனே விடைகூற இயலவில்லை.