மரத்தில் இருந்த ஊர்

மயிலாடிக்காரன் எந்தக் கோவிலுக்குப் போனாலும் சாமியைப் பார்க்குமுன் கல்லைப் பார்ப்பான். பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் சிற்பப் பட்டறைகளும் கிரைண்டர் சத்தமும் வெள்ளைத் தூசியும். ரோட்டோரம் முகம் மட்டும் முடிந்த பிள்ளையார்கள் வரிசையாகக் காத்திருக்கும். நல்ல கல் என்றால் தட்டும்போது மணிச் சத்தம் வரும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் அமுங்கும். இதெல்லாம் யாரும் உட்கார்த்திச் சொல்லித்தந்ததல்ல. இந்தக் காதையும் கண்ணையும் எடுத்துக்கொண்டுதான் கம்போடியாவுக்கு விமானம் ஏறினேன். எனக்கு அதுதான் முதல் வெளிநாடு. பெரியம்மாவுக்கு ஒரே கவலைதான்: “அங்க சோறு கெடைக்குமா மக்கா?”

சோறு கிடைத்தது, மீனும் கிடைத்தது. தேங்காய்ப்பாலில் மீனைப் போட்டு, வாழையிலைத் தொன்னையில் ஆவியில் வேகவைத்து ‘அமோக்’ என்று தருகிறார்கள். நாஞ்சில் நாட்டு நாக்குக்கு அதில் புளியும் மிளகாயும் போதாது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

சியெம் ரீப் ஊரில் தங்கி அங்கோருக்குப் போய்வர வேண்டும். நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. சீட்டில் நம் படத்தையே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதனால் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. துக்துக் ஓட்டுநர் என்னை இருட்டோடு எழுப்பி அங்கோர் வாட் குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார். கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் படமெடுக்க ஒரு பெருங்கூட்டம் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நின்றது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்குச் சூரிய உதயம் காட்ட இவ்வளவு தூரம் கூட்டி வந்திருக்க வேண்டாம். கூட்டம் குளத்தைப் பார்த்து நின்ற நேரத்தில் நான் சுவர்ப் பக்கம் நழுவினேன்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூர்யவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டத் தொடங்கிய கோவில் இது. பிறகு புத்தருக்கானது. இதைத் ‘தமிழ் மன்னன் கட்டியது’ என்று நம்முடைய வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருமுறை யாராவது அனுப்பிவிடுகிறார்கள். கட்டியவன் கெமர் அரசன், கட்டிய கை கெமர் கை. நம் ஊரிலேயே எத்தனையோ கோவில்கள் கூட்டுவாரில்லாமல் கிடக்கின்றன. அடுத்தவர் கோவிலுக்குப் பட்டா கேட்பானேன்?

கல் என்றால் மணற்கல். வடகிழக்கே குலேன் மலையடிவாரத்தில் வெட்டி, கால்வாய் வழியாகக் கொண்டுவந்தார்கள். சுசீந்திரத்தின் கருங்கல்லைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தச் சுவர்களின் முன்னால் முதலில் வருவது பொறாமைதான். ஒரு சாண் இடம்கூட விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தேவதைப் பெண்கள், ஒருத்தியின் கொண்டையைப் போல இன்னொருத்திக்கு இல்லை. பாற்கடல் கடையும் காட்சி மட்டும் கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளம் ஓடுகிறது. கருங்கல்லில் இப்படி இழைக்க நினைத்தால் உளியைப் பிடித்தவனுக்கு ஆயுசு போதாது. அங்கே ஒவ்வொரு பொளிக்கும் கணக்குப் பார்க்க வேண்டும், எதை விடலாம் என்பதில்தான் நம் சிற்பியின் கெட்டிக்காரத்தனம். ஆனால் மணற்கல்லும் கணக்கைத் தீர்க்காமல் விடுவதில்லை. மழையும் ஈரமும் ஏறிய இடங்களில் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிகிறது. சில தேவதைகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

தொடக்கூடாது என்று பலகை இருக்கிறது, காவலரும் இருக்கிறார். தட்டிப் பார்க்க வழியில்லாததால் கூர்ந்து பார்த்தேன். கற்களில் ஆங்காங்கே விரல் நுழைகிற அளவில் உருண்டைக் குழிகள். மரமுளை செருகிக் கல்லைத் தூக்குவதற்கானவை என்கிறார்கள். சாந்து கிடையாது. கல்லோடு கல்லை உரசி உரசி, இடைவெளியில்லாமல் பொருத்தியிருக்கிறார்கள். இவ்வளவு நுட்பம் தெரிந்தவர்கள் பல இடங்களில் மூட்டுக்கு நேர்மேலேயே மூட்டு வரும்படி அடுக்கியிருக்கிறார்களே என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊரில் கொத்தனாரிடம் சேர்ந்த பையனுக்கு முதல் வாரமே இதற்குத் திட்டு விழும். அந்த வரிசையிலேதான் பின்னால் சுவர்கள் பிளந்தன.

ஜன்னலுக்கு வந்தபோது கொஞ்சம் விளங்கியது. ஜன்னல் கம்பிகள் கல்லால் ஆனவை. ஆனால் கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்த மரத்தூண்களின் வடிவம், வளையம் வளையமாக. தலையை உயர்த்தினால் கல் கூரையின் முதுகில் ஓடு வேய்ந்தது போலச் செதுக்கல். சில மூட்டுகளைத் தச்சுவேலைபோலவே கொளுவியிருக்கிறார்கள். அங்கோரைச் செப்பனிட்ட பிரெஞ்சுக்காரர்களும் கெமர்கள் கல்லை மரமாகவே நடத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கல்தச்சன் பார்த்துச் செய்வதற்கு மாதிரியாக ஒரு மரவீடு, ஒரு மர அரண்மனை, பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அது எங்கே? அங்கோர் தோம் என்ற தலைநகரின் மதில் பக்கத்துக்கு 3 கிலோமீட்டர், 8 மீட்டர் உயரம். முழுக்க எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்து வீடுகளுக்குப் போடுகிற அதே வெட்டுகல். உள்ளே அரண்மனை இருந்த இடத்துக்குப் போனால் யானைகள் செதுக்கிய நீண்ட மேடையும் ஒரு சிறு கோவிலும் குளங்களும்தான், மிச்சமெல்லாம் காடு. கல் வீடு கடவுளுக்கு மட்டும். ராஜா உட்பட மனிதர்கள் எல்லாரும் மரத்தில் குடியிருந்தார்கள், மரம் போய்விட்டது. 1296-ல் வந்து ஏறக்குறைய ஒரு வருடம் தங்கிய சீனத் தூதுக்குழுவின் ஜோ தாகுவான் இந்த ஊரைக் கண்ணால் கண்டு எழுதிவைத்திருக்கிறார். சாதாரணக் குடிகளின் வீட்டுக்கு ஓலைக் கூரைதான், ஓடு போட அவர்களுக்குத் துணிச்சல் கிடையாது. சந்தை வியாபாரம் பெண்கள் கையில். 2012-ல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் பாய்ச்சி அளந்தபோது, காட்டுக்குக் கீழே தெருக்களின் கட்டமும் வீட்டு மேடுகளும் குட்டைகளும் தெரிந்தன. அங்கோர் வாட் மதிலுக்குள்ளேயே அப்படி. வாசலிலிருந்து கோவிலுக்கு நான் விறுவிறுவென்று நடந்த கல்பாதையின் இரண்டு புறமும் ஒரு காலத்தில் குடித்தனங்கள்!

பத்மநாபபுரம் அரண்மனை அப்போதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. பள்ளியில் சுற்றுலா என்றாலே அங்கே கூட்டிப்போய்விடுவார்கள், சலித்திருந்தேன். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் அந்த மரவேலை முழுசாக நிற்கிறது. யாராவது ஓடு மாற்றிக்கொண்டும் கரையான் பார்த்துக்கொண்டும் இருந்ததால்தானே?

ஊரைத் தேடி அலைந்தவனுக்கு அது கிடைத்த இடம் பாயோன் கோவில். ஏழாம் ஜெயவர்மன் கட்டியது. கோபுரத்து முகங்களைப் பார்க்கத்தான் எல்லாரும் மேலே ஏறுகிறார்கள். நான் கீழே வெளிச்சுற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். சேவல் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒரு பெண் மீன் விற்கிறாள், இன்னொருத்திக்குப் பிரசவம் நடக்கிறது. ஒரு பன்றியைக் கொப்பரைக்குள் இறக்குகிறார்கள். உள்சுற்றில் கோவில் கட்டுகிற வேலையும் இருக்கிறது. கல்லை இழுக்கிறார்கள், உரசுகிறார்கள். செதுக்கியவன் தன் சகாக்களையே பார்த்துச் செதுக்கியிருப்பான். பாற்கடலைவிட இந்தச் சுவரில்தான் எனக்கு நேரம் போனது தெரியவில்லை. இங்கே வருகிறவர்களுக்கு என் யோசனை, பாயோனை முதல் நாளே பாருங்கள், வெளிச்சுற்றிலிருந்து தொடங்குங்கள்.

சியெம் ரீப் திரும்பிய பிறகு ஒரு சிற்பப் பட்டறைக்குள் நுழைந்தேன். என் வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்து மணற்கல்லில் அப்சரஸின் இடுப்புச் சேலை மடிப்பைக் கொத்திக்கொண்டிருந்தான். அரைகுறை ஆங்கிலமும் கைச்சாடையுமாகப் பேசினோம். கைப்பேசியில் சித்தப்பா பட்டறையின் நந்தியைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி, நந்தியை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடந்த உளியைப் பார்த்தான். முனையில் என்ன என்று கேட்டான். கார்பைட் என்றேன். தன் உளி முனையைத் தடவிக் காட்டி, அப்படி ஒன்று வேண்டும் என்றான். விலாசம் எழுதித் தந்தான். அன்று இரவே சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“உளி நான் தாறேன். கூரியருக்கு யாருடே கொடுப்பா?” என்றார்.