வீட்டோடு போன ஒன்பது நாட்கள்

எங்கள் பகுதிப் பெண்கள் வெளிநாடு போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் இருக்கும். ஒன்று பிள்ளைப்பேறு பார்க்க, மற்றது செத்தவீட்டுக்கு. புருஷனும் பெண்சாதியுமாக ஊர் பார்க்கப் போனோம் என்று சொன்னால், "உங்களுக்கென்ன, காசு கூடிப்போச்சு" என்பார்கள். நானும் பிள்ளைப்பேறு பார்க்கத்தான் போனேன். 2023 புரட்டாதியில் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்டு, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு இவரும் நானும் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஆசிரியர் ஓய்வூதியம். இவர் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் லொறிச் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர்.

அந்த நாட்டுக்குப் போகிற சகோதரிகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொண்டுபோகும் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் கொடுக்கும் படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டொலர் தண்டம். மிளகாய்த்தூள், சரக்குத்தூள் எல்லாம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஆனால் தேனுக்கு அனுமதியே இல்லை. தங்கள் தேனீக்களுக்கு நோய் வந்துவிடும் என்ற பயம். மகளுக்கென்று போத்தலில் அடைத்துக் கட்டி வைத்த காட்டுத்தேனைக் கடைசி நேரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனது நல்லதாய்ப் போயிற்று.

பேரன் பிறந்து நான்காம் மாதம், மாசியில், கனடாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சின்ன வீடு. எத்தனை பேர் எங்கே படுப்பது? மருமகன் ஒரு யோசனை சொன்னார். "மாமா, ஒரு கம்பர் வான் எடுத்துத் தாறன். நீங்களும் மாமியும் ஒன்பது நாள் தெற்குத்தீவைச் சுத்திப் பாத்திட்டு வாங்கோ."

"கம்பர் வானெண்டால் இராமாயணம் பாடுமோ?" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாகனத்துக்குள் படுப்பது என்றதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் வன்னியில் உள்ளவர்களுக்கு விளங்கும். 2008 ஐப்பசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீடு ஒரு உழவு இயந்திரப் பெட்டிதான். கதவு நிலை, கூரைத் தகடு, நெல்மூட்டை, பிள்ளைகளின் புத்தகம், அம்மி, கோழிக்கூடு எல்லாம் அதற்குள். மேலே தறப்பாள். தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போனோம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாமான் குறைந்தது. கடைசியில் பெட்டியும் இல்லை, உழவு இயந்திரமும் இல்லை. செட்டிகுளம் முகாமுக்கு உடுத்த உடுப்போடுதான் போனோம். இனிச் சில்லுப் பூட்டிய எதற்குள்ளும் படுக்கமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தவள் நான். ஆனால் சம்பந்திமார் முன்னால் இதையெல்லாம் சொல்ல முடியுமா? சரி என்று தலையாட்டினேன்.

வானைப் பார்த்தபோது வாய் அடைத்துப் போனது உண்மை. வெளியே பார்த்தால் சாதாரண வான். உள்ளே இரண்டு பேர் படுக்கும் கட்டில். பகலில் அதை மடித்தால் இருக்கையும் மேசையும். காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கை கழுவும் தொட்டி. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய தண்ணீருக்கு வேறொரு தாங்கி. ஒரு மூலையில் சிறிய மலசலகூடம். அதன் அடியில் பெட்டி போல ஒரு கொள்கலன். வெளிச்சத்துக்கு இரண்டாவது பற்றறி. வாகனம் ஓடும்போது அது தானாகவே மின்னேறும்.

அழுக்குத் தண்ணீரைக் கண்ட இடத்தில் ஊற்ற முடியாது. ஊர்களில் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. அங்கே நிறுத்தி, குழாயைப் பூட்டித் திறந்துவிட வேண்டும். மலசலகூடக் கொள்கலனையும் அங்கேதான் கொட்டிக் கழுவ வேண்டும். 2023இல் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். நிலையாகப் பொருத்திய மலசலகூடம் இருந்தால்தான் வாகனத்துக்குத் தகுதிச் சான்று கிடைக்கும். அந்தச் சான்று இல்லாவிட்டால் பல இடங்களில் இரவு தங்க முடியாது. "கக்கூஸ் வாளி தூக்கத்தான் நியூசிலாந்து வந்தனான்" என்று புறுபுறுத்தாலும், அந்த வேலையை ஒன்பது நாளும் இவரே செய்தார். வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவாத மனுசன். தண்ணீரை அளந்து பாவிப்பது எங்களுக்குப் புதிதில்லை. அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரத்தை அலசி, பிறகு நல்ல தண்ணீரில் ஒருதரம் கழுவி எடுப்பேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் தினமும் தண்ணீர் நிரப்பினார்கள். எங்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதுமாயிருந்தது.

சமையலில்தான் ஒரு கூத்து. இரண்டாம் நாள் சம்பலுக்குச் செத்தல் மிளகாய் வறுத்தேன். புகைக்கு எச்சரிக்கை மணி வீரிட்டுக் கத்தியது. பக்கத்து வானிலிருந்து ஒரு கிழவர் அரைக் காற்சட்டையோடு ஓடிவந்தார். பிறகு அவருக்கும் மனைவிக்கும் புட்டும் சம்பலும் கொடுத்தோம். வீட்டை விற்றுவிட்டு மூன்று வருடமாக வாகனத்திலேயே வாழ்கிறார்களாம். வீட்டை விற்று! எனக்கு அது இன்னும் விளங்கவில்லை. வீடு போய்விடும் என்ற பயமே இல்லாதவர்களால்தான் அப்படி விற்க முடியும் போலிருக்கிறது.

வயது போன காலத்தில் இணையாக ஊர் சுற்றுவது வெள்ளைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. கேரளத்தின் கொச்சியில் தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றி வாசித்திருப்பீர்கள். நாளாந்தம் சேர்த்த சில்லறைக் காசும் கடனும்தான் அவர்களின் முதல். ஒரு பயணம் போய்வந்து, கடனை அடைத்து, பிறகு அடுத்த பயணம். 2007இல் தொடங்கி இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். 2021இல் ரஷ்யா போய்வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். நாங்கள் இடப்பெயர்வைத் தவிர வேறு பயணம் அறியாதவர்கள். நாற்பது வருட வாழ்க்கையில் இவரும் நானும் மட்டுமாகப் போன முதற்பயணம் இதுதான்.

பார்த்ததையெல்லாம் எழுத இடம் போதாது. தெக்காப்போ ஏரிக்கரையில் 1935இல் கட்டிய சின்னக் கல் தேவாலயம். புக்காக்கி ஏரியின் தண்ணீர் பாலில் நீலம் கலந்தது போல இருக்கும். பனியாறு மலையை அரைத்துக் கொண்டுவரும் கல்மா தண்ணீரில் மிதப்பதால் அந்த நிறமாம். அதற்கு அப்பால் குக் மலை, 3724 மீற்றர். மவோரி மக்கள் அதை அவோராக்கி என்கிறார்கள். எங்கள் பிதுருதலாகல 2524 மீற்றர்தான். ஆதர்ஸ் கணவாயில் கேயா என்று ஒரு பச்சைக்கிளி, வாகனத்தின் றப்பரைப் பிய்த்துத் தின்னுமாம். இவர் தடியோடு வானைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேற்குக் கரையின் கொள்ளுப் பூச்சியோ எங்கள் நுளம்பைத் தோற்கடிக்கும்.

தெக்காப்போ பகுதியில் இரவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி, வானத்தை இருட்டாகவே பாதுகாக்கிறார்கள். 2012இல் சர்வதேச அங்கீகாரமும் கிடைத்தது. போர்வையைப் போர்த்துக்கொண்டு வெளியே இருந்தோம். எங்கள் ஊரில் வைகாசி, ஆனி இரவுகளில் தெற்கே அடிவானத்தில் தெரியும் திரிசங்கு, அங்கே உயரத்தில் பளிச்சென்று நின்றது. "மேலையும் இல்லை, கீழையும் இல்லை எண்டு தொங்கினவனெல்லே" என்றார் இவர். வேறொன்றும் சொல்லவில்லை.

மேற்குக் கரையில் ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. யார் முதலில் போகலாம் என்று அம்புக்குறி காட்டும் பலகை இருக்கும். ஒரு நீளமான பாலத்தில் எங்களுக்குத்தான் முதலுரிமை. இவர் வானை நிறுத்திவிட்டார். எதிரே ஒரு வாகனமும் இல்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கை ஸ்ரியறிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தது. "வட்டுவாகல்" என்று மட்டும் சொன்னார். பிறகு மெல்ல எடுத்தார்.

எங்கள் மூத்த மகன், அப்போது வயது பத்தொன்பது, 2009 வைகாசியில் வட்டுவாகல் பாலம் கடந்த சனத்துக்குள் எங்களை விட்டுப் பிரிந்தவன். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கியபோது நானும் போயிருந்தேன். இவர் வருவதில்லை. வீட்டிலும் அவனைப் பற்றிப் பேசமாட்டார்.

அன்றிரவு மழை. அந்தக் கரையில் மழை எப்போதும்தான். தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டதும் எனக்கு நித்திரை போய்விட்டது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் அடித்தபோது, விசுவமடுவில் பெட்டிக்குக் கீழே வெள்ளம் ஓட, தறப்பாளை நான்கு மூலையிலும் நாங்கள் நால்வரும் பிடித்துக்கொண்டு விடியவிடிய இருந்தோம். ஒரு மூலை அவனுடையது.

இவரும் எழும்பி இருந்தார். தேத்தண்ணி வைத்தேன். மகள் எங்களை அங்கேயே தங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு விருப்பம்தான், நீங்கள்தான் மாட்டன் எண்டுறியள்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டேன்.

"ஆர் சொன்னது? நீர் பேரனை விட்டிட்டு வரமாட்டீர் எண்டெல்லே நான் பேசாமல் இருக்கிறன்," என்றார். கொஞ்ச நேரம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சேரும், நாங்கள் இஞ்சை இருந்திட்டால், அவன் வந்து கேற்றைத் தட்டினால் ஆர் திறக்கிறது?"

பதினைந்து வருடத்தில் முதல்தடவையாக அவர் வாயால் அவனைப் பற்றிக் கேட்டேன். அந்த இரவு விடியும்வரை அவனைப் பற்றியே கதைத்தோம். அவன் முதன்முதலில் சைக்கிள் ஓடியது, கணிதப் பாடத்துக்கு அடி வாங்கியது, தங்கச்சியோடு போட்ட சண்டை எல்லாம். மகள் வீட்டில் என்றால் இப்படிக் கதைத்திருக்க முடியாது. எங்கள் வீட்டிலும் கதைக்கவில்லை. கதவைச் சாத்தினால் இரண்டு பேருக்கு மட்டும் இடமுள்ள அந்த வானுக்குள்தான் முடிந்தது.

பங்குனியில் ஊருக்குத் திரும்பிவிட்டோம். மகள் விமான நிலையத்தில் அழுதாள். இப்போது அந்த நாட்டு அரசாங்கம் பெற்றோருக்கென்று ஐந்து வருட விசா கொடுக்கிறது. 2025 புரட்டாதிக் கடைசியில் விண்ணப்பம் ஏற்கத் தொடங்கினார்கள். ஐந்து வருடமும் அங்கேயே இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை, போய்ப் போய் வரலாம் என்று மகள் விளக்கினாள். ஆறு கிழமைக்கு மேல் நிற்பதில்லை என்ற பேச்சோடு சம்மதித்திருக்கிறோம். நாங்கள் இல்லாத நாட்களில் என் தங்கையின் மகன் எங்கள் வீட்டில் வந்து படுப்பான். கேற்றைப் பூட்டக்கூடாது என்று அவனுக்கு இவர் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். மருமகனிடமோ, அந்த வான் திரும்பக் கிடைக்குமா, இந்தமுறை வடக்குத்தீவைப் பார்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.