ஆப்பிள் போதும், அட்வைஸ் வேண்டாம்

‘இது என்னல, ரஸ்னா மாதிரி இருக்கு!’

ஊசியில் ஏற்றியிருந்த சிவப்பு மருந்தைப் பார்த்து அக்கா சொன்னதும் நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மார்பகப் புற்றுநோய். 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ. அத்தான் போன பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். முதல் ஊசி போட்ட மூன்றாவது வாரம், சீப்போடு முடி கொத்தாக வந்தது. அதைப் பேப்பரில் சுருட்டிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு ஊசிக்கோபுரத்துக்குக் கிளம்பிவிட்டாள். 1826-ல் கட்டிய பாளையங்கோட்டைக் கோயில். அவளுக்கு ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் அங்கேதான். நான் கிறிஸ்துமஸுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிற ஆள்.

வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள் வந்தபடியே இருந்தார்கள். ஹார்லிக்ஸ், ஆப்பிள், கூடவே அட்வைஸ். ஒருவர் ஜெபம் பண்ணி முடித்துவிட்டு, ‘விசுவாசம் முழுசா இருந்தா இந்த வியாதி நிக்காதும்மா. எங்கேயோ குறை இருக்கு, யோசிச்சுப் பாரு’ என்றார். அக்கா தலையாட்டி, காபி கொடுத்து அனுப்பினாள். ராத்திரி பார்த்தால் தலையணை நனைந்திருந்தது.

எனக்கு ஆத்திரம். ‘இதுக்குத்தானாக்கா கோயில் கோயில்னு ஓடுறே?’ என்று கேட்டேவிட்டேன்.

‘அந்த பைபிளை எடுலே. யோபு, ரெண்டாம் அதிகாரம், கடைசி வசனம் வாசி.’

எல்லாவற்றையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கிறான் யோபு. மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள், ஏழு ராத்திரி, ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

‘அதுவரைக்கும் சரியாத்தான் பண்ணாங்க. அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் பண்ணியிருக்கேன்னு ஆரம்பிச்சாங்க பாரு, அங்கேதான் கெட்டுது. கடைசி அதிகாரத்துல கடவுளுக்குக் கோபம் வர்றது அவங்க மேலதான். அத்தனை கேள்வி கேட்ட யோபு மேல இல்ல. அதனால நானும் அழலாம், கேட்கலாம். லாசரு செத்தப்ப இயேசுவே அழுதாரேல!’

வாயடைத்துப் போனேன். ஆறுதல் என்றால் ‘எல்லாம் சரியாயிடும்’ என்கிற உத்தரவாதம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அக்காவுக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடைக்கவில்லை. தன்னோடு சேர்ந்து அழுகிற ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அதற்காக ஒரு ஊசியைக்கூட அவள் தள்ளிப்போடவில்லை. ஜெபத்துக்கு ஒரு நேரம், டாக்டருக்கு ஒரு நேரம்.

இப்போதெல்லாம் கீமோ நாளில் ஸ்டூலைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். ‘தைரியமா இரு’ என்றுகூடச் சொல்வதில்லை. நீங்களும் இப்படி யாரையாவது பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிப் போங்கள். காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

போன வாரம் அப்படி உட்கார்ந்தவன் தூங்கிவிட்டேன். கண்விழித்தால் அக்கா சிரிக்கிறாள்.

‘கெத்செமனே தோட்டத்துல சீஷர்களும் இப்படித்தாம்ல தூங்குனாங்க. அதுக்காக அவரு அவங்களைக் கைவிட்டுடலயே!’

அடுத்த மாதம் ஸ்கேன். என்ன வருமோ, தெரியாது. நேற்று ராத்திரி, ரொம்ப வருஷத்துக்கு அப்புறம், நானும் ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.