பென்சில் சொல்லும் பதில்

கதைக்குப் படம் போடுகிறவருக்குக் காட்சி முழுசாக மனக்கண்ணில் வந்து நிற்கும், பார்த்துப் பார்த்துத் தாளில் இறக்கிவிடுவார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி எதுவும் வந்து நிற்பதில்லை.

'அவள் வாசலில் நின்றாள்' என்று கதையில் ஒரு வரி. வாசிப்பவருக்கு அது போதும். அவளைக் கண்ணால் பார்த்துவிட்ட நிறைவோடு அடுத்த வரிக்குப் போய்விடுவார். எனக்குப் போதாது. உடம்பின் பாரம் எந்தக் காலில்? கை நிலையைப் பிடித்திருக்கிறதா, முந்தானை நுனியையா? வெளிச்சம் தெருப்பக்கமிருந்தா, முற்றத்திலிருந்தா? மனதைக் கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. பென்சிலைக் கேட்க வேண்டும். லேசாக நாலைந்து கோடு கிறுக்குவேன். அதில் ஒன்றில் வலது தோள் சற்று இறங்கியிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான், யாருக்காகவோ வெகுநேரம் காத்துக் களைத்தவள் இவள் என்று எனக்கே தெரியவரும். களைப்பு என்ற அந்தச் சொல் கிடைத்ததும் மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்: இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கும், தலை நிலையில் சாயும்.

பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் அலேன், பாரிஸின் பாந்தியோன் கட்டடம் கண்ணுக்குள் தெரிகிறது என்றவர்களிடம் அதன் முகப்புத் தூண்களை எண்ணச் சொன்னார். எண்ண முடியவில்லை. மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரத்தை நினைத்து நிலைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்பது என்று சட்டெனச் சொல்பவர், தெரிந்து வைத்திருந்ததைத்தான் சொல்கிறார், எண்ணிச் சொல்லவில்லை.

மனப்படம் ஆளுக்கு ஆள் மாறுவதும் உண்மை. 1880-இல் பிரான்சிஸ் கால்டன், காலையில் சாப்பிட்ட மேசையை நினைத்துப் பார்க்கச் சொல்லிப் பலரை விசாரித்தார். சிலருக்கு அது நேரில் காண்பதுபோல் தெளிவாகத் தெரிந்தது. அறிவியலாளர்கள் பலர் அப்படியெல்லாம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். படமே தோன்றாத இந்த நிலைக்கு 2015-இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் அவர் குழுவினரும் 'அஃபாண்டேசியா' என்று பெயர் வைத்தார்கள். 1989-இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் ஏரியலை வடிவமைத்த கிளென் கீனும் மனதுக்குள் படம் தெரியாதவர்தான். கோடுகளைக் கிறுக்கிக் கிறுக்கியே உருவத்தைத் தேடிப் பிடிப்பவர். எனக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

'கண்ணை மூடினால் எதுவும் தெரியவில்லை, நான் ஓவியராக முடியுமா?' என்று கலங்கிப்போய்க் கேட்கும் பிள்ளைகள் உண்டு. தாராளமாக முடியும். கண்ணை மூடாதீர்கள் என்பேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், காத்திருப்பவர்களின் தோள்களை மட்டும் ஒரு நோட்டு நிறைய வரைந்துவரச் சொல்லி அனுப்புவேன். முகம் வேண்டாம், தோள் போதும்.