ரேடியோ அப்படியே இருக்கட்டும்

பிக்-அப் வண்டியில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று கார் அக்சசரி கடையில் போய் நின்றால், பெரும்பாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "ரேடியோவ மாத்திடுங்க." பத்து அங்குலத் திரை, வரைபடம், வீடியோ என்று பட்டியல் நீளும். அப்பாவின் வண்டிக்கும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ரேடியோவை மாற்றாமலேயே வேலையை முடித்தோம். அதை எப்படிச் செய்தோம், செய்தபின் எதிர்பாராமல் என்ன தெரியவந்தது என்பதைச் சொன்னால், பிக்-அப் வைத்திருக்கும் சில வீடுகளுக்காவது பயன்படும்.

அப்பாவுக்கு வயது 63. வாரம் இரண்டு முறை கிள்ளானிலிருந்து கேமரன் மலைக்குப் போய், செவ்வந்திப் பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்புவார். வண்டி, 2014ஆம் ஆண்டின் டபுள் கேப் டீசல் பிக்-அப். வழி நெடுக மின்னல் எஃப்.எம். ஓடும். மலையில் அலைவரிசை விட்டுப்போகும் இடங்களில், யூ.எஸ்.பி.யில் ஏற்றிய பழைய பாடல்கள். பல பயணங்களில் அம்மாவும் கூடப் போவார். பேச்சுத் துணைக்கு என்று சொல்வார்களே தவிர, உண்மையில் அது அப்பா கண்ணயராமல் இருப்பதற்கான ஏற்பாடு.

கடந்த இரண்டு ஆண்டுகளில் ரேடியோத் திரையில் தெரியும் ஒலி எண் ஏறிக்கொண்டே போனது. முன்பு 18. பிறகு 24. கடைசியில் 30.

"தலை வலிக்குதுங்க, கொஞ்சம் குறைங்களேன்" என்பார் அம்மா.

"குறைச்சா என்ன சொல்றாங்கன்னே புரியமாட்டேங்குது" என்பார் அப்பா.

ஒரு கட்டத்தில் அம்மா வண்டியில் ஏறுவதையே நிறுத்திவிட்டார். நள்ளிரவு தாண்டி, ரிங்லெட்டிலிருந்து தாப்பா இறங்கும் வளைவுகளில், பாரம் ஏற்றிய வண்டியில் அப்பா தனியாக. என்னை அக்சசரி கடைக்குப் போகவைத்தது பாட்டின் தரம் அல்ல, காலியாகிப்போன அந்தப் பக்கத்து இருக்கைதான்.

கடையில் காட்டிய பெரிய திரையை அப்பா ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, இதுல சத்தம் குறைக்கணும்னா கண்ணால பார்த்துத்தானே தொடணும்? பழசுல எந்தக் குமிழ் எங்க இருக்குன்னு என் கைக்கே தெரியும்" என்றார். இருட்டில், வளைவில், ஒரு கணம் சாலையை விட்டுக் கண்ணை எடுப்பது என்ன விலையாகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனி ரேடியோவோடு ஸ்டியரிங் பொத்தான்களும் ரிவர்ஸ் கேமராவும் இணைந்திருக்கின்றன. ரேடியோவை மாற்றினால் அவற்றை மறுபடி இணைக்கத் தனித்தனி அடாப்டர் வாங்க வேண்டும். எனவே ரேடியோ இருக்கட்டும், அதற்குப் பின்னால் உள்ளதை மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

கம்பெனி ரேடியோவின் குறை என்ன என்று தெரிந்தால்தான் இந்த முடிவின் நியாயம் புரியும். பாட்டை எடுத்துக் கொடுப்பதில் அது பெரும்பாலும் சோடையில்லை. குறை அதன் சக்தியில். பல ரேடியோக்களில் "50 வாட், நான்கு சேனல்" என்று எழுதியிருக்கும். அது ஒரு நொடியின் துணுக்கில் எட்டும் உச்சம். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது 14 வோல்ட்டுக்குச் சற்று மேல். அதை வைத்து வழக்கமான 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து சுத்தமாகக் கொடுக்க முடிவது 15 முதல் 20 வாட் வரைதான். அதற்குமேல் திருகினால் ஒலி அலையின் முனைகள் வெட்டுப்பட்டு, பாட்டு கரகரக்கும். கூடவே கம்பெனி போட்டுத்தந்த ஸ்பீக்கர்கள் பலவும் சிறிய காந்தமும் மெல்லிய காகிதக் கூம்பும் கொண்டவை. பத்து ஆண்டு வெயிலும் ஈரமும் பார்த்தபின் அவை தளர்ந்துபோவதில் வியப்பில்லை.

நாங்கள் முதலில் கைவைத்தது முன்கதவு ஸ்பீக்கர்களில்தான். பேச்சும் பாட்டும் வரும் பெரிய ஸ்பீக்கர் கதவில், உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டர் கண்ணாடியோரத் தூணில் என்று பிரித்துப் பொருத்தும் வகையை வாங்கினோம். பின்கதவுகளைத் தொடவில்லை. ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் கேட்பது முன்பக்கத்தைத்தான். பணம் குறைவாக இருந்தால் அதை அங்கே போடுவதே சரி.

அடுத்து கதவு. இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர் முன்னே தள்ளும் அளவுக்குப் பின்னேயும் காற்றைத் தள்ளுகிறது. கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் உண்டு. பின்னால் போன ஒலி அவற்றின் வழியே வெளியே வந்து முன்ஒலியோடு மோதும்போது, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தபேலா தட்டையாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டில் ரப்பர் பட்டைகளால் அந்த ஓட்டைகளை மூடி, வெளித்தகட்டின் நடுப்பகுதியிலும் சில துண்டுகளை ஒட்டினோம். கதவு முழுவதையும் போர்த்த வேண்டியதில்லை, தகடு அதிராமல் இருந்தால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைக்கவே கூடாது. நம் ஊர் மழைக்கு, அடைத்த கதவு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மூன்றாவது ஆம்ப். கம்பெனி ரேடியோ பலவற்றில் ஆம்புக்கென்று தனி இணைப்பு இருக்காது. ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் வசதி கொண்ட ஆம்புகள் கிடைக்கின்றன. அந்த வசதி இல்லாத ஆம்பாக இருந்தால், இடையில் ஒரு சிறு மாற்றிப் பெட்டி வைக்கலாம். ரேடியோவின் பின்னால் செருகும் இடைச் சாக்கெட் வாங்கினால் கம்பெனி வயர் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. நாளைக்கு வண்டியை விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் வாங்கிய ஆம்ப் சேனலுக்கு 50 வாட் தருவது.

இங்கே ஒரு கணக்கு. 15 வாட் 50 ஆனால் சத்தம் மூன்று மடங்கு கூடிவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். ஆம்ப் தருவது, அதே சத்தத்தில் ஒலி வெட்டுப்படாத தெளிவு.

வயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டரியிலிருந்து ஆம்புக்கு வரும் வயரில், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எங்காவது தகட்டில் உரசி வயரின் உறை கிழிந்தால், தீ பிடிக்காமல் காப்பது அதுதான். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயர் மலிவு. ஆனால் அதே தடிமனுள்ள முழுச் செம்பு வயர் அளவுக்கு அது மின்சாரம் கடத்தாது. எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முடுக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சினின் கிய்ய்ங் ஓசை பாட்டோடு சேர்ந்து பாடும் வாய்ப்புண்டு.

டபுள் கேப்பில் பூட் கிடையாது. ஆகவே பேஸ் ஒலிக்கு, இருக்கைக்கு அடியில் நுழையும் எட்டு அங்குல சப்வூஃபர் ஒன்று. அதிலேயே ஆம்ப் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை அதனிடம் விட்டுவிட்டால், கதவு ஸ்பீக்கர்கள் பாரம் குறைந்து பேச்சைத் தெளிவாகத் தரும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் 450 வெள்ளி, கதவுப் பட்டைகள் 200, ஆம்ப் 600, வயரும் சாக்கெட்டும் 150, சப்வூஃபர் 500, கூலி 300. மொத்தம் 2,200 வெள்ளி. ஒரே நாளில் எல்லாம் செய்ய வேண்டுமென்பதில்லை. முதலில் ஸ்பீக்கரும் கதவும், கை இளகியபின் ஆம்ப், கடைசியாக சப்வூஃபர் என்று போகலாம். மலையில் விட்டுப்போகும் அலைவரிசையை இந்த எதுவும் மீட்டுத்தராது. எஃப்.எம். அலை மலைக்குப் பின்னால் வளைந்து வருவது அரிது.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் வண்டியில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போனோம். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் ஒலி எண் 14இலேயே ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அப்பாவின் கை குமிழுக்குப் போனது. 17, 19, 22. அங்கே நிறுத்தி, "ஆங், இப்ப சரி" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய ஸ்பீக்கர் இருந்தவரை எல்லாப் பழியும் அதன்மேல் போனது. அதை மாற்றியபின் மிச்சம் நின்றது இந்த எட்டு எண் வித்தியாசம். அதற்கு வண்டி காரணமில்லை.

காது பரிசோதனைக்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. வரைபடத்தைக் காட்டி விளக்கினார்கள்: தாழ்ந்த ஒலிகள் நன்றாகவே கேட்கின்றன, 2,000 ஹெர்ட்ஸுக்குமேல் கோடு இறங்குகிறது, 4,000இல் பள்ளம். வலது காதில் சற்று அதிகம். வயதும் ஒரு காரணம், நீண்ட கால இரைச்சலும் ஒரு காரணம், போனது திரும்பாது என்றார்கள். நாற்பது ஆண்டுகளாக வலப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு டீசல் வண்டி ஓட்டும் மனிதர் அவர்.

"என்ன சொல்றாங்கன்னே புரியமாட்டேங்குது" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததன் பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த பகுதியில், வலுவாக இருக்கிறது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகள் உயர்ந்த பகுதியில், மெலிந்து வருகின்றன. உயர்ந்த பகுதி போய்விட்டால் குரல் கேட்கும், சொல் புரியாது. எல்லா ஒலியையும் சேர்த்து ஏற்றினால், கேட்கும் பகுதி தலைவலியாகும். இருக்கும் செவியும் தேயும். நம் நாட்டில் வேலையிடங்களுக்கான 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறை, எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என வரம்பு வைக்கிறது. 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 91 என்றால் இரண்டு மணி நேரம்தான். பழைய ஸ்பீக்கரில் ஒலி எண் 30இல் இருந்தபோது என் கைப்பேசிச் செயலி 90ஐ ஒட்டிக் காட்டியது. அது துல்லியமான கருவி அல்ல, ஆனால் அவருடைய பயணமும் இரண்டு மணி நேரத்தில் முடிவது அல்ல.

காதுக் கருவி என்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கிழவன்னு போர்டு மாட்டிக்கணுமா?" என்றார். கருவியைப் பொருத்த வந்த பெண் அதட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. அதற்குள் ஒரு மைக், ஓர் ஆம்ப், ஒரு ஸ்பீக்கர் இருப்பதையும், அவருக்குக் குறைந்துபோன பகுதியை மட்டும் கணினியில் பார்த்து ஏற்றப்போவதையும் பொறுமையாகச் சொன்னார். அப்பா வரைபடத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். "அப்ப ரேடியோ மாதிரிதான். பழசு இருக்கட்டும், கொறஞ்சத மட்டும் சேக்குறாங்க" என்றார். அதற்குப்பின் அவரிடம் வேறு வாதம் இல்லை.

உங்கள் வீட்டு வண்டியிலும் ஒலி எண் மாதாமாதம் ஏறினால், கடைக்குப் போகும் முன் ஒன்றைச் செய்துபாருங்கள். மூன்று பேர் ஏறி, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒரே செய்தியைக் கேளுங்கள். தனக்குச் சொல் புரியத் தொடங்கும் எண்ணை ஒவ்வொருவரும் குறித்துக்கொள்ளட்டும். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே எண் என்றால் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் தள்ளிப்போனால் அவரைக் காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரண்டாகவும் இருக்கலாம், எங்கள் வீட்டைப்போல.

அம்மா மறுபடியும் அப்பாவுடன் மலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். வலப்பக்கக் கண்ணாடி இப்போது மூடியிருக்கிறது. அப்பா 16இல் நிறுத்துகிறார். அம்மா 14 போதும் என்கிறார். அந்த இரண்டு எண்ணுக்கான வாக்குவாதம் தாப்பா வரை நடக்கிறதாம். அப்பாவுக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ள ரேடியோவைவிட அது நன்றாகவே உதவுகிறது.