பங்காளி வண்டி

பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு இரண்டு வகை நண்பர்கள் உண்டு. "இதை இன்னுமா விற்கவில்லை?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. "விற்றுவிடாதே, இந்த மாதிரி வண்டி இனிமேல் வராது" என்பவர்கள் மற்றொரு வகை. ரிப்பேர் செலவில் இரு சாராரும் காலணா கொடுத்ததில்லை.

எங்கள் மாருதி வேன் 1996இல் அப்பா வாங்கியது. அப்பா போய்விட்டார், வேன் இருக்கிறது. அதை விற்கும் பேச்சை எடுத்தால் அம்மா மறுப்புச் சொல்வதில்லை. அன்றைக்குச் சாப்பாட்டை மட்டும் பேசாமல் பரிமாறுவாள். அவளுக்கு முழங்கால் வலி. இருந்தாலும் வேனின் பக்கக் கதவைத் தானே தள்ளித் திறந்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறிக்கொள்வாள். சென்ற வருஷம் அந்தக் கதவு நகர மறுத்தது. போதாததற்குப் புகைக் குழாயில் நீலப் புகை வேறு. "எனக்கென்ன, வீட்டோடு இருந்துவிட்டுப் போகிறேன்" என்றாள் அம்மா. அந்த வார்த்தைதான் என்னைத் தெருமுனை மெக்கானிக்கிடம் துரத்தியது.

"நீலப் புகைன்னா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சு ஆயில் எரியுது சார். கவலைப்படாதீங்க, இதுக்குப் பங்காளி இருக்கான்" என்றார் அவர்.

பங்காளி யார் தெரியுமா? மாருதி 800 கார்தான். 1983 டிசம்பரில் அது வந்தது. மறு வருஷம் வேன் வந்தது. இரண்டுக்கும் அதே 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். காரின் உற்பத்தி 2014இலும், வேனின் உற்பத்தி 2019இலும் நின்றுவிட்டன. ஆனாலும் ரிங் சுலபமாகக் கிடைத்துவிட்டது.

"அப்படியானால் கியர் பெட்டிகூட..." என்று ஆரம்பித்தேன். மெக்கானிக் சிரித்தார். காரில் இன்ஜின் முன்னால் குறுக்கே இருந்து முன் சக்கரங்களைச் சுற்றுகிறது. வேனிலோ முன் ஸீட்டுக்கு அடியில் நெடுக்காகக் கிடந்து பின் சக்கரங்களைச் சுற்றுகிறது. ரத்தம் ஒன்று, குடித்தனம் வேறு!

பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய காரை விற்றபோது இரண்டு புது டயர்கள் மிஞ்சியிருந்தன. சும்மாவே கொடுத்தார். வேனுக்கும் அதே 12 அங்குலச் சக்கரம்தானே என்று பெருமையோடு உருட்டிக்கொண்டு போனேன். மெக்கானிக் டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைத் துடைத்துப் படித்தார்.

"இது ஏறும் சார். ஆனா தாங்காது. வேன் டயர் பாரத்துக்குன்னே பண்ணினது. பின்னாலே அம்மா உட்காரப் போறாங்க, இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைத்தது என்ற சந்தோஷத்தில், யார் உட்காரப் போகிறார்கள் என்பதை மறந்தே போயிருந்தேன். டயர்களைத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தபோது அவை முன்னைவிடக் கனத்தன.

மிச்சம் இருந்தது கதவு. அதன் உருளையைத் தாங்கும் கை வளைந்து போயிருந்தது. காரில் இப்படிக் கதவே கிடையாது. பங்காளியை நம்பிப் பயனில்லை. புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் அந்தக் கடைகளில் அரைநாள் அலைந்தபின், ஒரு வேனின் கதவு அகப்பட்டது. அதில் பாதி அழிந்த சிவப்புச் சிலுவை. ஆம்புலன்ஸாக ஓடிய வண்டி!

அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று மெக்கானிக்கை எச்சரித்திருந்தேன். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர் சொன்ன முதல் சமாசாரமே அதுதான்.

அம்மா சற்று நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கென்ன, முடியாதவாளை ஏற்றிப் பழகின சாமான்தானே" என்றாள்.

பிறகு கதவைத் தள்ளினாள். சத்தமில்லாமல் நகர்ந்தது. நான் நீட்டிய கையைக் கவனிக்காமல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள்.