ஐம்பது விசிட்டிங் கார்டு

எங்கள் காலத்தில் நன்றாகப் பந்து போட்டால் பேங்க்கில் வேலை. எனக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கிடைத்தது அப்படித்தான். பேரனுக்கு விளையாட வராது. போட்டி நடத்தும் வேலைக்குப் போகவேண்டுமாம். 2008ல் ஐபிஎல், 2014ல் புரோ கபடி, 2016ல் டிஎன்பிஎல் என்று வந்தபின் அதற்கும் ஆள் எடுக்கிறார்கள். என் மகனுக்குத்தான் நம்பிக்கையில்லை.

போன மாதம் அத்துறைக்காரர்கள் ஒரு ஓட்டலில் கூடினார்கள். துணைக்குப் போனேன். ஐம்பது கார்டு அச்சடித்து வந்தவன் காபியும் கையுமாகத் தூணோரமே நின்றான்.

"வேலை கேக்காதேடா. அவர் என்ன வேலை பாக்கறார்னு கேளு."

மைதானத்தில் டிக்கெட், கேட் பார்க்கும் ஒருவரிடம் போனான். இருபது நிமிடம் பேச்சு. கார்டு கொடுக்கவே மறந்துவிட்டான்!

"அடுத்த மேட்சுக்கு வரச் சொன்னார் தாத்தா. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு."

மகனிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.